ஃபயர்பிளேஸ் உள்ள பேமிலி ரூமில் டிவியும் சோபாவும்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது

கனடாவிலும் அமெரிக்காவிலும் புறநகர் வீடுகளில் சமையலறையை ஒட்டியே பேமிலி ரூம் இருக்கும். அதன் ஒரு சுவரில் ஃபயர்பிளேஸ், அதாவது குளிர்காயும் அடுப்பு. சாவி கைக்கு வந்த வாரமே பெரிய டிவி வாங்குகிறார்கள். மாட்ட வருபவர் எங்கே என்று கேட்கிறார், எல்லோருடைய விரலும் ஃபயர்பிளேஸுக்கு மேலே நீள்கிறது. துளை போட்டாகிவிட்டது. அப்புறம் சோபா வருகிறது, எப்படிப் போட்டாலும் பொருந்த மாட்டேன் என்கிறது. அடுத்த குளிர்காலத்தில் கழுத்து வலி.

டொராண்டோ வட்டாரத்தில் பிராம்ப்டன், ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் தெரிந்தவர்கள் வீடுகளில் நான் பார்த்த பெரும்பாலான சிக்கல்கள் இந்த வரிசையால் வந்தவை. டிவி, சோபா, பாதை, சூடு என்று யோசிப்பதைப் பாதை, சூடு, டிவி, சோபா என்று மாற்றிப்போட்டால் பாதிச் சிக்கல் வராது. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள். முந்தைய படியில் கிடைக்கும் அளவு அடுத்ததற்கு வேண்டியிருக்கும்.

## தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

25 அடி டேப், கட்டம் போட்ட தாள், பெயிண்ட் உரியாத நீலநிற பெயிண்டர் டேப், நாலைந்து பெரிய அட்டைப்பெட்டிகள், ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர், சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்களைக் (ஸ்டட்) கண்டுபிடிக்கும் ஸ்டட் ஃபைண்டர். வீடு மாறியவர்களிடம் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமிருக்காது.

இவற்றைவிட முக்கியமானது ஃபயர்பிளேஸின் மாடல் எண். கேஸ் ஃபயர்பிளேஸ் என்றால் பெரும்பாலும் கீழ்ப்பக்கக் கதவுக்குள், வால்வுக்கு அருகில் ஓர் உலோகத் தகட்டில் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டை இணையத்தில் எடுத்துவிடலாம். மேலே எவ்வளவு இடைவெளி விட வேண்டும், பக்கத்தில் எவ்வளவு என்பதெல்லாம் அதில் படத்தோடு இருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் கணக்கு வேறு என்பதால் பக்கத்து வீட்டில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுக்க முடியாது.

டிவியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, பெட்டியைப் பிரிக்காமல் நிமிர்த்தியபடி பேஸ்மென்டில் வையுங்கள். சோபாவை இன்னும் ஆர்டர் செய்யாவிட்டால் மிகவும் நல்லது.

## 1. அசையாதவற்றை வரையுங்கள்

ஒரு கட்டம் அரை அடி என்று வைத்துக்கொண்டு அறையைத் தாளில் வரையுங்கள். ஃபயர்பிளேஸ், அதன் முன்னுள்ள கல் மேடை, ஜன்னல்கள், வாசல்கள், பிளக் பாயிண்டுகள், சுவிட்சுகள், இன்டர்நெட் கேபிள் வரும் இடம் எல்லாம் வர வேண்டும். ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்றும் குறியுங்கள். அது பின்னால் உதவும்.

புதியவர்கள் தவறவிடுவது தரையில் இருக்கும் ஹீட்டிங் வென்ட்டுகளையும், அறைக் காற்றைத் திரும்ப உள்ளிழுக்க சுவரின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ரிட்டர்ன் ஏர் கிரில்லையும். சோபாவை வென்ட் மீது போட்டால் ஃபர்னஸ் என்னும் வீட்டுச் சூடேற்றியின் சூடான காற்று முழுக்கச் சோபாவின் வயிற்றுக்குள் போகும். அறை குளிர்ந்தே கிடக்கும். ஜன்னலடி வென்ட்டை மூடினால் கண்ணாடியில் தண்ணீர் கோர்க்கும், சட்டம் ஊறும். ரிட்டர்ன் கிரில்லை மூடினால் காற்றுச் சுழற்சியே தடைப்படும்.

வேறு வழியே இல்லாமல் வென்ட்டுக்கு மேலே சோபா வந்துதான் ஆக வேண்டும் என்றால், காற்றை முன்பக்கமாகத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் மடை ஒன்று ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். சோபாவுக்கு அடியில் நாலு அங்குலமாவது காலி இருந்தால்தான் அது வேலை செய்யும்.

## 2. நடக்கும் பாதைகளைக் குறியுங்கள்

சமையலறையிலிருந்து பின்கட்டுக் கதவுக்கு, ஹாலிலிருந்து சமையலறைக்கு, பேஸ்மென்ட் படிக்கு என்று பேமிலி ரூமைக் குறுக்கே வெட்டும் பாதைகள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றைத் தாளில் கோடாகப் போடுங்கள். முக்கியமான பாதைக்கு 3 அடி வேண்டும். எப்போதாவது நடக்கும் பாதைக்கு 30 அங்குலம் போதும்.

இதை இரண்டாவது படியாக வைத்ததற்குக் காரணம், சோபாவை நகர்த்தலாம், கதவை நகர்த்த முடியாது. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே முக்கியப் பாதை போனால் படம் பார்க்கும்போதெல்லாம் யாராவது திரையை மறைப்பார்கள். கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரத்தோடு வருபவரும் குறுக்கே ஓடும் குழந்தையும் சந்திக்கும் இடமும் அதுதான். பாதை சோபாவின் முதுகுப்புறமாகப் போகட்டும்.

## 3. நெருப்பு எந்த வகை, சூடு எங்கே போகிறது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். மூன்று வகைக்கும் மூன்று நடத்தை.

விறகு எரிப்பது. தீப்பொறி தெறிக்கும். அடுப்பு வாய்க்கு முன்னால் எரியாத தரை குறைந்தது 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வீட்டுக் கட்டட விதி சொல்கிறது. வாயின் பரப்பு 6 சதுர அடியோ அதற்கு மேலோ இருந்தால் 20 அங்குலமும் 12 அங்குலமும். கம்பளத்தின் ஓரம் அந்த மேடைக்கு மேல் ஏறக்கூடாது. கனடாவில் விறகு ஃபயர்பிளேஸ் உள்ள வீட்டுக்குக் காப்பீடு எடுக்கும்போது பல நிறுவனங்கள் வெட் (WETT) எனப்படும் விறகு அடுப்புப் பரிசோதனைச் சான்று கேட்கும். அது இல்லாமல் நெருப்பு மூட்டுவதைப் பற்றியே யோசிக்காதீர்கள்.

கேஸ். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புதிய புறநகர் வீடுகளில் பெரும்பாலும் இதுதான். பொறி தெறிக்காது, ஆனால் முன்கண்ணாடி தோலைச் சுட்டுவிடும் அளவுக்குக் கொதிக்கும், அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். 2015-க்குப் பிறகு தயாரான கண்ணாடி முகப்பு மாடல்களோடு பாதுகாப்புத் திரை சேர்ந்தே வருகிறது. பழைய வீடு வாங்கியிருந்து, தவழும் குழந்தையும் இருந்தால் தனியாக ஒரு கேட் போட்டே ஆக வேண்டும். கீழ்ப்பக்கக் கதவைத் திறந்து வால்வைத் தொடும் அளவுக்கு முன்னால் இடமும் விடுங்கள். ஆண்டுக்கொரு முறை சர்வீஸுக்கு வருபவருக்கு அது வேண்டும்.

மின்சார ஃபயர்பிளேஸ். சுடரில் சூடு இல்லை, ஊதும் காற்றில் இருக்கிறது. அது மேலே ஊதுகிறதா, முன்னால் ஊதுகிறதா, கீழே ஊதுகிறதா என்று பாருங்கள். மேலே ஊதும் மாடலுக்கு மேல் டிவி கூடாது. பெரும்பாலானவை 1500 வாட், 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிரேக்கரில் அதுவே ஏறக்குறைய எல்லாவற்றையும் தின்றுவிடும் என்பதால் டிவியையும் அதே பவர் பாரில் செருகக்கூடாது. எக்ஸ்டென்ஷன் கார்டும் வேண்டாம், சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள்.

எந்த வகையானாலும் சோபா, திரைச்சீலை, தலையணை, துணிக்கூடை எதுவும் நெருப்பிலிருந்து 3 அடிக்குள் வேண்டாம். தாளில் ஃபயர்பிளேஸைச் சுற்றி 3 அடி ஆரத்தில் அரைவட்டம் போட்டு அதற்குள் எதையும் வரையாதீர்கள்.

அடுத்து சூட்டுப் பரிசோதனை. மேண்டல் என்னும் மேல்தட்டுக்கு மேலே, டிவியின் அடிவிளிம்பு வரக்கூடிய உயரத்தில் தெர்மோமீட்டரை டேப்பால் ஒட்டுங்கள். நெருப்பை முழு அளவில் வைத்து, மாலை முழுவதும் எரிய விடுங்கள். பெரும்பாலான டிவிகளின் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 ஃபாரன்ஹீட். தெர்மோமீட்டர் அதை நெருங்கினாலே அந்தச் சுவர் வேண்டாம், ஏனென்றால் டிவி தானும் சூட்டை வெளிவிடும். அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விடாதீர்கள். கல்லும் செங்கலும் மெதுவாகத்தான் சூடேறும்.

## 4. யார், எப்போது, எங்கே உட்காருவார்கள்

கடையில் காட்டும் அறையில் தம்பதி ஒன்றும் நாய் ஒன்றும் இருக்கும். நம் வீடுகளில் அப்படியில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் இருப்பார்கள், பகல் முழுக்க அந்த அறையில்தான் இருப்பார்கள். பிறந்தநாள் என்றால் இருபது பேர். ஜமக்காளம் விரித்துக் கீழே உட்காருபவர்கள் பாதி.

வயதானவர்களுக்கு இருக்கை உயரம் 18 முதல் 20 அங்குலம் இருக்க வேண்டும், கை ஊன்றி எழக் கைப்பிடி வேண்டும். ஆழமான, அமுங்கும் சோபாவில் உட்கார்ந்தால் அவர்களால் எழ முடியாது. பிறகு டைனிங் நாற்காலியை இழுத்து வந்து மூலையில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கென்று ஒரு தனி நாற்காலியை இப்போதே திட்டத்தில் சேருங்கள். ஜன்னல் குளிர் படாத பக்கம், நெருப்பிலிருந்து 4, 5 அடி தள்ளி, கையெட்டும் தூரத்தில் ஒரு விளக்கு.

கொலு வைக்கும் வீடானால் 5 அல்லது 6 அடி அகலத்துக்கு ஒரு சுவர்ப்பகுதியைக் கனமான சாமான் இல்லாமல் விடுங்கள். நவராத்திரி வரும் நேரமும் முதல் குளிர் தொடங்கும் நேரமும் இங்கே ஏறக்குறைய ஒன்று. யாராவது நெருப்பைப் போடுவார்கள். படிகளும் துணியும் அந்த அரைவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் மரம் வைப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

## 5. டிவியின் அளவும் உயரமும்

இரண்டு கணக்கு போதும்.

முதலாவது தூரம். திரையின் மூலைவிட்ட அளவை 1.2-ஆல் பெருக்கினால் சினிமாத் தியேட்டர் போல நெருங்கிப் பார்க்கும் தூரம், 1.6-ஆல் பெருக்கினால் நிதானமாகப் பார்க்கும் தூரம். 55 அங்குலத்துக்கு 5½ முதல் 7⅓ அடி. 65-க்கு 6½ முதல் 8⅔ அடி. 75-க்கு 7½ முதல் 10 அடி. 85-க்கு 8½ முதல் 11⅓ அடி. பேமிலி ரூமில் செய்தியும் சமையல் வீடியோவும் ஓடும் நேரமே அதிகம் என்பதால் 1.6 பக்கமே நில்லுங்கள்.

இரண்டாவது உயரம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 42 அங்குலத்தில் இருக்கும். திரையின் மையம் அங்கேயே இருந்தால் கழுத்துக்கு வேலையே இல்லை. மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பார்வை 15 டிகிரிக்கு மேல் உயராமல் பாருங்கள். கோணமானி தேவையில்லை: ஓர் அடி தூரத்துக்கு 3 அங்குலம் ஏற்றலாம். 10 அடி தள்ளி உட்கார்ந்தால் மையம் 72 அங்குலம் வரை போகலாம், 8 அடி என்றால் 66 வரைதான்.

இப்போது மேண்டலுக்கு மேலே போட்டுப் பாருங்கள். மேண்டல் பல வீடுகளில் 54 அங்குல உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் 6 அங்குலம் விட்டால் டிவியின் அடி 60-இல் நிற்கும். 65 அங்குல டிவியின் உயரம் 32 அங்குலம், ஆக மையம் 76. இந்த 76-க்கு 11 அடிக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். அவ்வளவு தள்ளினால் 65 சிறியதாகத் தோன்றும், 75 வாங்கத் தூண்டும். அதை மாட்டினால் மையம் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் ஏறும். பெரும்பாலான வீடுகளில் இந்தத் திட்டம் இங்கேயே செத்துவிடுகிறது. அழகு, அழகின்மை பற்றி வாதாடத் தேவையே இல்லை.

டிவியைச் சாய்த்து மாட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். சாய்த்தால் படம் தெளிவாகத் தெரியும், பிரதிபலிப்பு குறையும். தலை நிமிர்ந்துதான் இருக்கும்.

## 6. டிவிக்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு இடங்கள் உண்டு. என் விருப்ப வரிசையில் சொல்கிறேன்.

ஃபயர்பிளேஸ் சுவருக்குச் செங்கோணத்தில் இருக்கும் பக்கச் சுவர். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரி. எல் வடிவ சோபாவின் ஒரு கை டிவியைப் பார்க்கும், மறு கை நெருப்பைப் பார்க்கும். டிவியைத் தாழ்வாக வைக்கலாம், சூடு எட்டாது. வெளிச்சுவராக இல்லாமல் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவராக இருந்தால் வயர் வேலையும் எளிது. மூலையில் உள்ள ஃபயர்பிளேஸுக்கும் இதே விடைதான்.

அதே சுவரில், பக்கத்தில். சுவர் 14 அடிக்கு மேல் அகலமாக இருந்து ஃபயர்பிளேஸ் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் இது நன்றாக அமையும். 65 அங்குல டிவியின் அகலம் சுமார் 57 அங்குலம் என்பதை நினைவில் வைத்து அளங்கள். ஃபயர்பிளேஸ் சரியாக நடுவிலும் இரு பக்கமும் ஜன்னலும் இருந்தால் இந்த வழி கிடையாது.

எதிர்ச் சுவர். சோபாக்களை நேருக்கு நேர் போட்டு, ஒரு முனையில் நெருப்பு, மறு முனையில் டிவி. பேச்சுக்கு அருமையான அமைப்பு. ஆனால் இரவில் சுடர் திரையில் பிரதிபலிக்கும், படம் பார்ப்பவர் எல்லோரும் கழுத்தைத் திருப்ப வேண்டும். ஒரு சோபாவுக்குப் பதில் சுழலும் நாற்காலிகள் இரண்டு போட்டால் தாங்கும்.

ஃபயர்பிளேஸுக்கு மேலே. மற்ற மூன்றும் முடியாதபோது, சூட்டுப் பரிசோதனையில் தேறியபோது, தூரக் கணக்கும் ஒத்துவந்தபோது மட்டும். பார்க்கும் நேரத்தில் கீழே இழுத்து இறக்கும் மவுண்ட் கிடைக்கிறது. விலை கூடுதல், எடையும் கூடுதல். நெருப்பு எரியும்போது கீழே இறக்கினால் சூடான காற்றுக்குள் டிவியை நீட்டுகிறோம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

சுவரை முடிவு செய்யுமுன் ஜன்னலையும் பாருங்கள். டிவிக்கு எதிரே ஜன்னல் இருந்தால் பகலில் திரையில் தோட்டம்தான் தெரியும். பின்னால் இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பது நல்லது. தெற்கு ஜன்னல் என்றால் குளிர்காலத்தில் சூரியன் மிகத் தாழ்வாக வந்து அறையின் அடி ஆழம் வரை வெயில் அடிக்கும். கோடையில் வீடு பார்த்தவர்களுக்கு இது தெரியாது.

அப்புறம் சமையலறை. அடுப்பில் நிற்பவருக்கும் டிவி தெரிய வேண்டும் என்று பல வீடுகளில் கேட்பார்கள், நியாயமான கோரிக்கைதான். அங்கிருந்து பார்க்கும் கோணம் 30, 40 டிகிரிக்கு மேல் போனால் சில எல்இடி திரைகளில் நிறம் வெளுக்கும். ஓஎல்இடி, ஐபிஎஸ் வகைத் திரைகள் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். வாங்குமுன் கடையிலேயே ஓரமாக நின்று பாருங்கள்.

## 7. தரையிலும் சுவரிலும் ஒத்திகை

தாளில் சரியாக வந்ததைத் தரையில் டேப் ஒட்டி வரையுங்கள். சோபாவின் வெளிவிளிம்பு, டீப்பாய், நாற்காலி எல்லாம். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 14 முதல் 18 அங்குலம்: அதைவிடக் குறைந்தால் முட்டி இடிக்கும், கூடினால் காபி டம்ளர் எட்டாது. எதிரெதிரே உட்காருபவர்களுக்கு நடுவே 8 அடி இருந்தால் குரலை உயர்த்தாமல் பேசலாம்.

அட்டைப்பெட்டியை டிவியின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். டைனிங் நாற்காலிகளைச் சோபா வரும் இடத்தில் போட்டு உட்கார்ந்து அதைப் பாருங்கள். நாற்காலி சோபாவைவிடச் சற்று உயரம் என்பதால் கொஞ்சம் சரிந்தே உட்காருங்கள்.

இரண்டு மூன்று நாள் இந்தக் கோடுகளோடு வாழுங்கள். கோட்டை மிதித்துக்கொண்டு தினமும் யாராவது நடந்தால் அங்கே ஒரு பாதை இருக்கிறது, நீங்கள் அதைத் தாளில் போடவில்லை.

## 8. இப்போது சோபாவை வாங்குங்கள்

டேப் கோட்டுக்குள் அடங்குவதுதான் உங்கள் சோபாவின் அளவு. கடையில் 9 அடி சோபா சின்னதாகத் தெரியும், அங்கே கூரை அவ்வளவு உயரம்.

எல் வடிவத்தில் பலர் இடறும் இடம் இடது, வலது. நீங்கள் சோபாவுக்கு எதிரே நின்று அதைப் பார்க்கும்போது நீட்டுப்பகுதி எந்தக் கைப்பக்கம் வருகிறதோ, கடைக்காரர்கள் அந்தப் பக்கத்தைத்தான் சொல்வார்கள். உட்கார்ந்திருப்பவரின் கையை வைத்துச் சொன்னால் நேர் எதிரானது வீட்டுக்கு வரும். சந்தேகமிருந்தால் நீங்கள் வரைந்த படத்தைக் கடையில் காட்டிவிடுங்கள். நீட்டுப்பகுதியை இரு பக்கமும் மாற்றிப் போடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

வாசல், ஹாலின் திருப்பம், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாவற்றின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். பல கடைகள் உள்ளே நுழையாத சோபாவைத் திருப்பி எடுக்கக் கட்டணம் பிடிக்கும்.

சோபாவின் முதுகு சமையலறையைப் பார்ப்பதில் தவறில்லை. எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டிப் போட்டு நடுவே காலி விடுவது கல்யாண மண்டப வழக்கம். பேமிலி ரூமில் அப்படிப் போட்டால் பேச்சும் டிவியும் இரண்டும் தூரமாகும். பின்னால் 3 அடிப் பாதை கிடைத்தால் தைரியமாக நடுவில் போடுங்கள்.

## 9. மின்சாரமும் வயரும்

மாட்டுவதற்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். டிவியோடு வரும் பவர் வயரை அப்படியே சுவருக்குள் இறக்குவது அமெரிக்காவில் மின் விதிக்கு விரோதம். அந்த வயர் சுவருக்குள் இருக்கத் தயாரிக்கப்பட்டதில்லை. டிவிக்குப் பின்னால் உள்வாங்கிய பிளக் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடுங்கள். அதற்கான கிட் தனியாகவும் விற்கிறார்கள்.

எச்டிஎம்ஐ வயர் சுவருக்குள் போவதானால் உறையில் சுவருக்குள் போடத் தகுந்தது என்று குறித்திருக்க வேண்டும். 4, 5 மீட்டருக்கு மேல் நீளம் போனால் சாதாரணச் செப்பு வயரில் உயர்தரப் படம் விட்டுவிட்டு வரும், ஆப்டிகல் வகை வாங்குங்கள். முடிந்தால் ஒன்றரை, இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைச் சுவருக்குள் போட்டுவிடுங்கள். நாலு வருடம் கழித்து வேறு வயர் வரும்போது சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

கனடா வீடுகளில் வெளிச்சுவரின் டிரைவாலுக்கு (உட்பக்க ஜிப்சம் பலகைக்கு) பின்னால் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை வெட்டிவிட்டு மூடாமல் போனால் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த இடத்தில் பட்டுத் தண்ணீராகும், பூஞ்சை வரும். நடுச்சுவரை விரும்புவதற்கு இது இன்னொரு காரணம். ஃபயர்பிளேஸ் இருக்கும் மரக்கூட்டுக்குள் வயரை இழுக்கவே கூடாது, கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் தவிர.

சோபா நடுவில் இருந்தால் விளக்குக்கும் போன் சார்ஜருக்கும் பிளக் வேண்டும். வயரைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டாதீர்கள். மிதிபட்டு உறை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது, தீப்பிடிக்கும். பேஸ்மென்ட் கூரை மூடப்படாமல் இருக்கும்போதே தரை பிளக் போட்டுக்கொள்வது மலிவு.

## 10. மாட்டுவதா, ஸ்டாண்டில் வைப்பதா

முதல் மாதம் ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள் என்பேன். 20 முதல் 24 அங்குல உயர ஸ்டாண்டில் 65 அங்குல டிவியை வைத்தால் மையம் தானாகவே 40 அங்குலத்தைச் சுற்றி வரும். குழந்தை இருக்கும் வீட்டில் டிவியைச் சுவரோடு பிணைக்கும் பட்டையை முதல் நாளே கட்டிவிட வேண்டும், ஸ்டாண்டையும் சேர்த்து.

மாட்டும்போது ஸ்டட்டில்தான் திருக வேண்டும். பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும், சில சுவர்களில் 24. வெறும் டிரைவாலில் பிளாஸ்டிக் ஆங்கர் போட்டு 60 பவுண்டு டிவியைத் தொங்கவிடாதீர்கள், கையை நீட்டும் மவுண்ட் என்றால் இழுவை இன்னும் அதிகம்.

ஃபயர்பிளேஸ் சுவரில் ஒட்டியிருக்கும் கல் பெரும்பாலும் சிமென்டில் வார்த்த மெல்லிய அலங்காரக் கல். அது எடை தாங்காது. போல்ட் அதைத் தாண்டிப் பின்னாலுள்ள மரம் வரை போக வேண்டும், அதற்கு நீளமான போல்ட்டும் இடைத்துண்டும் தேவை. உள்ளே எங்கே உலோகப் புகைக்குழாய் போகிறது என்று தெரியாமல் துளையிடுவது ஆபத்து. இந்த ஒரு சுவருக்கு மட்டும் அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுங்கள், கையேட்டை அவர் கையில் கொடுங்கள்.

## 11. கம்பளமும் விளக்கும்

கம்பளம் சிறியதாக வாங்குவதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. சோபா, நாற்காலி எல்லாவற்றின் முன்கால்களும் அதன் மேல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டீப்பாய் மட்டும் தீவில் நிற்பது போலிருக்கும். 8க்கு 10 அடியோ 9க்கு 12 அடியோ தேவைப்படும். விறகு எரிப்பவர்கள் கம்பளியாலானதை எடுங்கள். செயற்கை நூல் பொறி பட்டால் உருகும், கம்பளி கருகி நின்றுவிடும்.

விளக்கு டிவிக்குப் பின்னாலோ பக்கத்திலோ மங்கலாக ஒன்று, வாசிப்பவர் தோளுக்கு அருகில் ஒன்று. சோபாவுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் விளக்கு திரையில் பளிச்சென்று விழும், அதை டிவி ஓடும்போது ஒரு முறை சோதித்துவிட்டு இடத்தை நிலைப்படுத்துங்கள்.

எல்லாம் அமைந்த பிறகு நெருப்பை மறுபடி முழு அளவில் வைத்து, கம்பளத்தின் ஓரம், சோபாவின் பக்கவாட்டு, டிவியின் அடிவிளிம்பு மூன்றையும் ஒரு மணி நேரம் கழித்துக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு எங்காவது இருந்தால் அந்தச் சாமானை ஓர் அடி தள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அந்தத் தளத்தில் இருக்கிறதா, பட்டனை அழுத்தினால் அலறுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.